குறிப்பெடுக்கும் முறை

மாத்தளை நகருக்கு வடக்கே அளுவிகாரை என்னும் குகைக் கோயில் உள்ளது. கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பௌத்த திரிபிடகம் அங்கேதான் ஓலையில் எழுதப்பெற்றது என்பது மரபு. அதுவரை தலைமுறை தலைமுறையாகப் பிக்குகள் அதனை நெஞ்சிலேயே காத்துவந்தனர். பஞ்சமும் போரும் ஓதுவோரைக் குறைக்கவே, எழுத்தின் துணையை நாடினர்.

ஓதிப் பழகிய நெஞ்சுக்கே எழுத்துத் துணை வேண்டியதாயின், மாணவர் நினைவுக்குக் கூறவும் வேண்டுமோ? ஆயினும், ஆசிரியர் உரைப்பன யாவற்றையும் எழுத முனைபவர் பொருளைத் தவறவிடுவர். முதலிற் கேளுங்கள், பொருள் விளங்கியபின் சொந்தச் சொற்களிற் சுருக்கி எழுதுங்கள். கொப்பியின் ஓரத்தில் இடம் விட்டு, ஐயங்களை அங்கே குறியுங்கள். அன்றிரவே கொப்பியை மூடிவைத்து, நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். விடுபட்டது எதுவெனத் தெரியும். ஏடு நெஞ்சுக்குத் துணையேயன்றி மாற்றன்று.