இடுப்பு வலியை அலட்சியம் செய்யலாகாது

கொவிட் 19 தொற்றின் உக்கிரம் தணிந்துவிட்ட போதிலும், அதன் பின்விளைவுகள் முற்றாக நீங்கிவிடவில்லை. இடுப்பு மூட்டில் ஏற்படும் எலும்புச் சிதைவு அவற்றுள் ஒன்றாகும். வெலிமடை, பதுளை பிரதேச உழைக்கும் மக்கள் இதனை அறிந்திருப்பது அவசியமெனக் கருதுகின்றோம்.

தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதிக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாளங்கள் மிக நுண்ணியவை. அவற்றில் குருதியோட்டம் தடைப்படுமாயின் எலும்பு படிப்படியாக மடிந்து நொறுங்குகின்றது. அதிகளவு ஸ்டீரொய்ட் மருந்தும் மிதமிஞ்சிய மதுப்பழக்கமும் இதற்கான பிரதான காரணங்களாகும்.

2003 ஆம் ஆண்டு சார்ஸ் நோயிலிருந்து ஸ்டீரொய்ட் சிகிச்சையால் உயிர் தப்பிய சீன, ஹொங்கொங் நோயாளர் பலர் பின்னர் இப்பாதிப்புக்கு உள்ளாகினர். கொவிட் தொற்றிலிருந்து மீண்ட மூவருக்கு இந்நோய் ஏற்பட்டதை மும்பை இந்துஜா வைத்தியசாலை வைத்தியர்கள் 2021 இல் பதிவு செய்தனர். தொற்று உறுதியாகிச் சராசரியாக 58 நாட்களிலேயே அவர்களிடம் அறிகுறிகள் தோன்றியிருந்தன.

இதற்காக ஸ்டீரொய்ட் மருந்தை வெறுப்பது தவறு. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன், அதிகபட்சம் 10 நாட்களுக்கு வழங்கப்பட்டபோது, செயற்கைச் சுவாசம் பெற்ற நோயாளரின் மரணங்கள் மூன்றிலொரு பங்கால் குறைந்ததை 2020 இல் பிரித்தானிய ஆய்வு நிரூபித்தது. வைத்திய ஆலோசனையின்றி அதனை வாங்கி உட்கொள்வதும், நீண்டகாலம் உட்கொண்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதுமே ஆபத்தானவை.

கொழுந்துச் சுமையுடன் செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் தொழிலாளிக்கும், மரக்கறி மூட்டை சுமக்கும் விவசாயிக்கும் இடுப்பு வலி புதிதல்ல. ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடின் அன்றைய சம்பளம் இல்லை. ஆகவே, தைலம் தடவிக்கொண்டு மறுநாளும் மலைக்குச் செல்கின்றனர். ஆனால் கவட்டுப்பகுதியில் தோன்றித் தொடை, முழங்கால் வரை பரவி, நடக்கையில் அதிகரித்து, வாரக்கணக்கில் நீடிக்கும் வலி வெறும் களைப்பினால் வருவதன்று. ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரே படத்தில் எதுவும் தெரியாமற்போகலாம், எம்.ஆர்.ஐ. பரிசோதனையே அதனைக் காட்டிக்கொடுக்கும். எனவே, ஸ்டீரொய்ட் சிகிச்சை பெற்றவர்கள் அதனை வைத்தியரிடம் தவறாது தெரிவிக்க வேண்டும்.

ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் மருந்து, ஓய்வு, சிறு சத்திரசிகிச்சை என்பவற்றின் மூலம் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. தாமதித்தால் செயற்கை மூட்டுப் பொருத்துவதே வழியாகின்றது. பாரம் சுமக்க வேண்டாமென வைத்தியர் கூறும் தொழிலாளிக்கு இலகுவான வேலை வழங்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். உழைப்பையே முதலாகக் கொண்டோருக்கு நடை முடங்கினால் வாழ்வே முடங்கிவிடும் என்பதை மறந்துவிடலாகாது.