வாசனை மெழுகுவர்த்தி: வீட்டிலேயே கலக்க என்னென்ன கருவிகள் தேவை?

ஓசூர் என்றால் தொழிற்சாலைகளுக்கு அடுத்து ஞாபகம் வருவது ரோஜா. காதலர் தினம் நெருங்கினால் பசுமைக்குடில்களில் வேலை சூடுபிடித்துவிடும். அதே ஊரில் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டோ, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போய்வந்தோ, வார இறுதியில் வாசனை மெழுகுவர்த்தி செய்து நாலு பேருக்கு விற்கலாம் என்று நினைப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தச் சிக்கல் உங்களுக்கும் வரலாம்: டப்பாவைத் திறந்தால் கமகமவென்று இருக்கும், திரியை ஏற்றினால் வாசனையே வராது.

உடனே ‘எண்ணெய் மட்டம்’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல நேரம் பிரச்சினை எண்ணெயில் இல்லை, கலக்குவதில்தான்.

கலக்கும்போது என்ன நடக்கிறது?

மெழுகு முழுசாக உருகியிருந்தால்தான் வாசனை எண்ணெய் அதில் சீராகப் பரவும். மெழுகு பாதி ஆறிய பிறகு ஊற்றினால் எண்ணெய் ஆங்காங்கே தேங்கிவிடும். அடியில் இறங்கும், அல்லது மேலே வியர்த்ததுபோல் கசியும். சோயா மெழுகு, பாரஃபின் இரண்டிலும் வீட்டில் செய்பவர்கள் பொதுவாக 80 முதல் 85 டிகிரி செல்சியஸில் எண்ணெய் சேர்த்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குகிறார்கள். மெழுகு விற்பவர் வேறு வெப்பநிலை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எவையெல்லாம் கட்டாயம்?

டிஜிட்டல் தராசு: எண்ணெயை மூடியால், ஸ்பூனால் அளக்காதீர்கள், எடை போடுங்கள். வழக்கமான அளவு, மெழுகின் எடையில் 6 முதல் 10 சதவீதம். 500 கிராம் மெழுகுக்கு 8 சதவீதம் என்றால் 40 கிராம். ‘கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் மணக்கும்’ என்பது நடக்காது. திரி அடைத்துக்கொள்ளும், புகை வரும், சுடர் தாறுமாறாக எழும்பும்.

குச்சி வெப்பமானி: சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் வகையே போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இந்தச் சூட்டுக்கு ஆகாது. துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் வகை மேற்பரப்பை மட்டும்தான் அளக்கும்.

இரண்டு பாத்திரம்: பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் மூக்கு வைத்த மெழுகுப் பாத்திரம். இதுதான் ‘டபுள் பாய்லிங்’. இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் வெளிப்பாத்திரம் காந்தம் ஒட்டும் வகையாக இருக்க வேண்டும். உள்ளே அலுமினியம் இருந்தாலும் பரவாயில்லை.

சிலிகான் கரண்டி: அடியையும் ஓரத்தையும் வழித்துக் கலக்க இதுவே சுலபம். மரக்கரண்டி வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அடுத்த முறை மல்லிகையில் ரோஜா மணக்கும்.

ஓசூரில் 97 டிகிரி!

வெப்பமானி சரியா என்று பார்க்க, கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்ப்பது வழக்கம். 100 காட்டவில்லையே என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஓசூர் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதில் நமக்கு லாபமும் உண்டு. வெளிப்பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை உள்ளே இருக்கும் மெழுகு அந்தச் சூட்டைத் தாண்டாது.

மார்கழி, தை குளிரில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜில்லென்ற கண்ணாடியில் சூடான மெழுகை ஊற்றினால் ஓரம் விட்டுப்போய்த் திட்டுத் திட்டாகத் தெரியும். கண்ணாடியை லேசாகச் சூடுபடுத்திவிட்டு ஊற்றுங்கள்.

பீட்டர், மெஷின் எல்லாம் வேண்டுமா?

காபி நுரைக்கும் பீட்டர், ஹேண்ட் பிளெண்டர் இரண்டும் காற்றை உள்ளே இழுக்கும். மேலே குமிழும் குழியும் வரும். ஆய்வகத்தில் இருக்கும் சூடாக்கும் காந்தக் கலக்கி சின்ன அளவுக்கு வேலை செய்யும், ஆனால் அரைக் கிலோ மெழுகைக் கையால் கலக்கவே இரண்டு நிமிடம்தான். கலக்கியும் அடிக்குழாயும் கொண்ட உருக்கும் தொட்டியை, ஆர்டர் பல கிலோவைத் தொட்ட பிறகு யோசித்தால் போதும்.

ரோஜா இதழ், பன்னீர் சேர்க்கலாமா?

வேண்டாம். பன்னீரில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அது மெழுகில் கலக்காது, எரியும்போது வெடித்துத் தெறிக்கும். காய்ந்த இதழ் இன்னொரு திரி மாதிரி தீப்பிடிக்கும். உடம்பில் அடிக்கும் சென்ட்டில் ஆல்கஹால் இருப்பதால் அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது. மெழுகுவர்த்திக்கென்று விற்கும் எண்ணெயை மட்டும் வாங்குங்கள்.

தீப்பிடித்தால்?

மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்துவிட்டு போன் பார்க்கப் போவதுதான் பெரிய ஆபத்து. சுமார் 200 டிகிரியில் அதன் ஆவி தீப்பற்றக்கூடும். அப்போது தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் எரியும் மெழுகு நாலா பக்கமும் சிதறும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறுக்கமான மூடியால் மூடுங்கள், நகர்த்தாதீர்கள். அந்த மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் கருவிகளில் ஒன்றுதான்.

கடைசியாக, ஊற்றிய உடனே ஏற்றிப் பார்த்து ஏமாறாதீர்கள். பாரஃபினுக்கு இரண்டு மூன்று நாள், சோயாவுக்கு ஒன்று இரண்டு வாரம் மூடி வைத்துவிட்டு ஏற்றுங்கள். விற்பனைக்குப் போகும் முன் ஒரு டப்பாவையாவது நீங்களே அடிவரை எரித்துப் பாருங்கள். அடுத்தவர் வீட்டில் எரியப்போகும் பொருள் அல்லவா!