மூடியைத் திறக்காம ஒரு பேட்டி!

"ராமன் விளைவுன்னா என்ன?"

வைவாவில் இந்தக் கேள்வி வந்தால் நாம யாருமே மாட்டிக்க மாட்டோம். 1928 பிப்ரவரி 28, கொல்கத்தா, 1930-ல் நோபல் பரிசு... கடகடன்னு ஒப்பிச்சிடுவோம். "சரி, அதை வச்சு என்னப்பா பண்ணுவாங்க?" என்று எக்ஸ்டர்னல் அடுத்த கேள்வியைப் போட்டால்தான் திருதிருன்னு முழிப்போம்.

கவலை வேண்டாம். பதில் உங்க கெமிஸ்ட்ரி லேப் அலமாரியிலேயே இருக்கு. பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்று லேபிள் ஒட்டின பாட்டிலைப் பாருங்க. உள்ளே வெள்ளைப் பவுடர். அதுக்கு அடங்காத தண்ணீர் தாகம். அதனாலதான் டெசிகேட்டரில் ஈரம் உறிஞ்ச வைக்கிறாங்க. மூடியைத் திறந்து வச்சா போதும், காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் இழுத்து, பாஸ்பாரிக் அமிலமாக மாறிப் பிசுபிசுன்னு ஆயிடும்.

சிக்கலே இங்கேதான். சோதிக்கலாம்னு வெளியே எடுத்தா, சோதிக்க வேண்டிய பொருளே மாறிப் போகுது! கண்ணாடிக் குழாயில் போட்டு சீல் வச்சுட்டா பொருள் பத்திரம். ஆனா அதை எப்படித் தொடுறது?

தொடவே வேண்டாம். வெளிச்சத்தை அனுப்பினால் போதும்.

பச்சை போய் மஞ்சள் வரும்

குழாய் மேல் 532 நானோமீட்டர் பச்சை லேசரை அடிக்கிறோம். சிதறி வரும் ஒளியில் பெரும்பகுதி அதே பச்சையாகத்தான் திரும்பும். ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு ஃபோட்டான் மட்டும் உள்ளே இருக்கிற மூலக்கூறை ஆட்டி விட்டு, அந்தச் செலவுக்கான ஆற்றலைக் கொடுத்துட்டு, நிறம் மாறி வெளியே வரும். எவ்வளவு கொடுத்ததுன்னு அளந்தால், மூலக்கூறு எந்த வேகத்தில் அதிருதுன்னு கணக்குப் போட்டுடலாம். ராமன் விளைவு இதுதான்.

இன்ஃப்ராரெட்டில் பார்க்கக் கூடாதான்னு கேட்கலாம். இந்த அதிர்வுகள் இருக்கிற இடத்தில் சாதாரணக் கண்ணாடியே அந்தக் கதிரை விழுங்கிடும். ராமன் முறையில் போவதும் வருவதும் கண்ணுக்குத் தெரியும் ஒளி. அதுக்குக் கண்ணாடி தடையே இல்லை.

பேரில் 5, நிஜத்தில் 10

பென்டாக்சைடு என்றாலும், உண்மையான மூலக்கூறில் 4 பாஸ்பரஸ், 10 ஆக்சிஜன். சின்னக் கூண்டு ஒன்றைக் கற்பனை பண்ணிக்குங்க. நாலு மூலையில் பாஸ்பரஸ். அவற்றை இணைக்கும் பாலமாக 6 ஆக்சிஜன். மிச்சம் 4 ஆக்சிஜன், மூலைக்கு ஒன்றாக வெளியே கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு நிற்கும்.

கொம்புப் பிணைப்பின் நீளம் சுமார் 1.43 ஆங்ஸ்ட்ராம். பாலத்தில் சுமார் 1.60. இறுக்கிக் கட்டின தந்தி உச்ச ஸ்தாயியில் பாடுமே, அதே கதைதான். குட்டையான, வலுவான கொம்பு வேகமாக அதிரும். அதன் ராமன் கோடு 1400 செ.மீ.⁻¹ பக்கத்தில் விழும். அதாவது ஒரு விநாடிக்குச் சுமார் 42 லட்சம் கோடி ஆட்டம்! இந்த ஆட்டத்துக்கு ஆற்றல் கொடுத்த பச்சை ஒளி, 575 நானோமீட்டர் மஞ்சளாகத் திரும்பி வரும்.

இதன் தம்பி பாஸ்பரஸ் ட்ரையாக்சைடு. அதே கூண்டு, ஆனா கொம்பு கிடையாது. அதனால 1400 பக்கம் கப்சிப்! கொம்பு இருக்கா இல்லையான்னு குழாய்க்கு வெளியே இருந்தே சொல்லிடலாம். உள்ளே ஈரம் கசிஞ்சிருந்தாலும் மாட்டிக்கும். 1400 கோடு மங்கி, 900 பக்கத்தில் பாஸ்பாரிக் அமிலத்தின் கோடு தலைகாட்டும்.

அந்தக் கேரக்டர் டேபிள்...

எம்.எஸ்ஸி.யில் குரூப் தியரியைத் திட்டிக்கிட்டே படிக்கிறோமே, அது இங்கே கை கொடுக்குது. கூண்டில் 14 அணுக்கள். மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால் 36 அதிர்வுகள். ஆனா கூண்டு அவ்வளவு சீராக இருப்பதால் பல அதிர்வுகள் ஒரே வேகத்தில் சேர்ந்துக்கும். தனி மூலக்கூறாகக் கணக்குப் போட்டால் ராமனில் 12 கோடுகள், இன்ஃப்ராரெட்டில் வெறும் 6. நாலு கொம்பும் ஒரே தாளத்தில் நீண்டு சுருங்குதே, அந்த அழகான ஆட்டம் இன்ஃப்ராரெட் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ராமனில் மட்டும்தான் தரிசனம்!

பல்லுக்குள்ளும் அதே ஜோடி

பாஸ்பரஸ்-ஆக்சிஜன் ஜோடி பாட்டிலுக்குள் மட்டும் இல்லை. உங்க பல்லிலும் எலும்பிலும் பாஸ்பேட்டாக இருக்கு. அங்கே அதன் முக்கியக் கோடு 960 பக்கம். எலும்பின் தாது எவ்வளவு, அதைத் தாங்கும் கொலாஜன் புரதம் எவ்வளவு என்று ஒரே ஸ்பெக்ட்ரத்தில் ஒப்பிடலாம். எலும்பு ஏன் சட்டுன்னு உடையுதுன்னு தேடுறவங்களுக்கு இது பெரிய துப்பு. தோலைக் கிழிக்காமல், மேலிருந்தே எலும்பின் கோடுகளை எடுக்கவும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கு.

எல்லாம் சுலபம்னு நினைச்சுடாதீங்க. கோடியில் ஒன்று என்பது ரொம்பவே மெல்லிய குரல். உயிர்ப் பொருட்கள் ஒளிர்ந்தால், அந்த ஃப்ளோரசன்ஸ் வெளிச்சத்தில் ராமன் கோடு மூழ்கிடும். அப்போ 785 நானோமீட்டர் மாதிரி வேறு லேசருக்கு மாறணும்.

திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ராமனிடமும், வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணனிடமும் லேசரே கிடையாது. முதல் லேசர் வந்ததே 1960-ல்தான். சூரிய வெளிச்சம், வண்ண ஃபில்டர்கள், தங்கள் கண்கள்... இவற்றை வைத்தே சுமார் 60 திரவங்களில் அந்த மெல்லிய ஒளியைப் பார்த்தாங்க.

அடுத்த வைவாவில் எக்ஸ்டர்னல் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டால், தைரியமா சொல்லுங்க: "சார், பாட்டிலைத் திறந்தா கெட்டுப் போற பொருளை, திறக்காமலே விசாரிக்கலாம்!"