ஐ20 என் லைன் வாங்கப் போறீங்களா? தென்காசி, குற்றாலம் ரோட்டுக்கு எந்த வேரியன்ட் சரி?

கார் எது என்பது முடிவாகிவிட்டது. நிறம்கூட முடிவாகிவிட்டது. ஆனாலும் புக்கிங் பணம் கட்டும் நேரத்தில் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடும். 'மேனுவல் போதும், ஆட்டோமேட்டிக் எதுக்கு?' என்பார் அப்பா. 'சீசன் டிராஃபிக்ல கிளட்ச் மிதிச்சுப் பாருங்க, தெரியும்' என்பார் அம்மா. 'எதுவா இருந்தாலும் டாப் எண்டா எடுங்க' என்பான் தம்பி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் காரில் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் லட்சக்கணக்கில் வித்தியாசம் என்றால் பஞ்சாயத்து வரத்தானே செய்யும்?

ஹூண்டாய் ஐ20 என் லைன் அப்படிப்பட்ட ஒரு கார். தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் ஓட்டப்போகிறவர்கள் எந்த வேரியன்ட்டைத் தேர்வு செய்யலாம்? கணக்கோடு பார்ப்போம்.

'ஹாட் ஹேட்ச்' என்றால்?

குடும்பத்துக்கு ஏற்ற சின்ன காரில் கொஞ்சம் பெரிய சக்தியுள்ள இன்ஜினைப் பொருத்தி, சஸ்பென்ஷனை இறுக்கி, பிரேக்கைப் பலப்படுத்தினால் அதுதான் ஹாட் ஹேட்ச். 1976-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. இந்த ரகத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. அதே கோல்ஃப் ஜி.டி.ஐ. 2025-ல் இந்தியாவுக்கு வந்தபோது விலை சுமார் 53 லட்சம் ரூபாய். நமக்கு அது போஸ்டரில் பார்த்து ரசிக்கும் கார்.

நம் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் இருப்பது ஐ20 என் லைன். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார். 2021 செப்டம்பரில் அறிமுகமாகி, 2023 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்டது.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. வெளிநாடுகளில் விற்ற 'ஐ20 என்' வேறு கார், அதில் 1.6 லிட்டர் டர்போ இன்ஜின், 204 பி.எஸ். சக்தி. இங்கே கிடைப்பது 'என் லைன்'. 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 120 பி.எஸ். சக்தி. யூடியூபில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு ஷோரூம் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஒன்று, விலை நான்கு

முக்கியமாக என்6, என்8 என்று இரண்டு வேரியன்ட். ஒவ்வொன்றிலும் 6 ஸ்பீடு மேனுவல் அல்லது 7 ஸ்பீடு டி.சி.டி. ஆட்டோமேட்டிக். 2023-ல் அறிவித்த ஷோரூம் விலை இது:

* என்6 மேனுவல்: சுமார் 9.99 லட்சம்
* என்6 டி.சி.டி.: சுமார் 11.10 லட்சம்
* என்8 மேனுவல்: சுமார் 11.22 லட்சம்
* என்8 டி.சி.டி.: சுமார் 12.32 லட்சம்

நடுவில் உள்ள இரண்டையும் பாருங்கள். என்6 டி.சி.டி.க்கும் என்8 மேனுவலுக்கும் 12 ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். அதாவது, கூடுதலாக ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்தால் ஒன்று ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கிடைக்கும். இல்லையென்றால் பெரிய திரை, நல்ல ஸ்பீக்கர் போன்ற வசதிகள் கிடைக்கும். இரண்டும் வேண்டுமென்றால் அந்த 2023 விலையில் 12 லட்சத்தைத் தாண்ட வேண்டியிருந்தது.

நோட்டீஸில் தெரியாத 70 ஆயிரம்

ஷோரூம் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பெரிய கணக்கு ஒன்று விட்டுப்போகும். அது சாலை வரி.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் கார்களுக்கான ஆயுட்கால வரி மாறியது. 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, மொத்த விலைக்கும் 18 சதவீதம்.

மேலே சொன்ன விலையில் கணக்குப் போட்டால், என்6 மேனுவலுக்கு வரி சுமார் 1.30 லட்சம். என்6 டி.சி.டி.க்கு சுமார் 2 லட்சம். ஆக, ஷோரூமில் 1.10 லட்சமாகத் தெரிந்த வித்தியாசம் டி.என். 76 நம்பர் பிளேட் மாட்டும்போது 1.80 லட்சமாகிறது. கடனில் வாங்கினால் இதற்கு வட்டி வேறு.

2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு ஒரு நல்ல மாற்றம் வந்தது. 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1200 சி.சி.க்கு உட்பட்ட இன்ஜினும் கொண்ட பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதன்மேல் இருந்த 1 சதவீத செஸ்ஸும் நீங்கியது. ஐ20-ன் நீளம் 3995 மில்லிமீட்டர், இன்ஜின் 998 சி.சி. எனவே இந்தக் காருக்கும் அது பொருந்தும். 2023 விலையை வைத்து வரிக் குறைப்பை மட்டும் கணக்கிட்டால் என்6 மேனுவல் 9.14 லட்சத்துக்கு வரும், என்6 டி.சி.டி. 10.15 லட்சத்தில் நிற்கும். 10 லட்சம் என்ற கோட்டை வெறும் 15 ஆயிரம் ரூபாய் தாண்டினால்கூட, சாலை வரி சுமார் 50 ஆயிரம் கூடுதலாகிவிடும்!

அதனால் ஷோரூமில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'ஆஃபர் என்ன?' என்பதல்ல. 'இந்த வேரியன்ட்டுக்கு இன்றைய ஷோரூம் விலை என்ன, எந்தத் தொகைக்கு எத்தனை சதவீதம் சாலை வரி போடுகிறீர்கள்?' என்று கேளுங்கள். நான்கு வேரியன்ட்டுக்கும் ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள்.

சாதாரண ஐ20 போதாதா?

நியாயமான கேள்வி. சாதாரண ஐ20-ல் 1.2 லிட்டர் இன்ஜின், மேனுவலில் 83 பி.எஸ். சக்தி, சுமார் 115 என்.எம். டார்க். தென்காசி டவுனுக்குள் ஓட்டவும், பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி போய்வரவும் இது தாராளம்.

வித்தியாசம் தெரிவது செங்கோட்டையைத் தாண்டிய பிறகுதான். புளியரை 'எஸ்' வளைவில் ஏறும்போது முன்னால் ஒரு பாரம் ஏற்றிய லாரி. வேகம் இருபதுக்கு இறங்கிவிடும். வளைவு முடிந்து, எதிரே வண்டி இல்லை என்று உறுதியான பிறகு தாண்ட வேண்டும். என் லைனின் 172 என்.எம். டார்க் 1500 ஆர்.பி.எம்.மிலேயே முழுதாகக் கிடைக்கிறது. 1.2 இன்ஜினின் டார்க் உச்சத்துக்கு வர 4200 ஆர்.பி.எம். வரை விரட்ட வேண்டும். எதிர்த் தடத்தில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. இந்தக் காரின் 'ஸ்போர்ட்டி' குணத்துக்கு நம் ஊரில் உண்மையான பயன் இதுதான். வளைவில் வேகம் காட்டுவதற்கு அல்ல.

மாதம் ஒருமுறைகூட ஆரியங்காவு, தென்மலை பக்கம் போகாதவர் என்றால் சாதாரண ஐ20 வாங்கி மிச்சத்தைச் சேமிப்பதே புத்திசாலித்தனம். என் லைனின் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கமானது; குண்டும் குழியுமான ரோட்டில் பின்சீட்டில் உட்காரும் தாத்தா, பாட்டிக்கு அது தெரியும்.

மலையில் எந்த கியர்பாக்ஸ்?

ஏறும்போது டி.சி.டி. சுகம். அதில் இரண்டு கிளட்ச். ஒன்று இப்போதைய கியரைப் பிடித்திருக்க, அடுத்த கியர் மற்றொன்றில் தயாராக இருக்கும். அதனால் கியர் மாறுவதே தெரியாது.

இறங்கும்போது கவனம் வேண்டும். கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும். மேனுவலில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். டி.சி.டி.யிலும் இது முடியும். கியர் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி, குறைந்த கியரை நாமே தேர்வு செய்ய வேண்டும். 'டி'யில் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. இந்தப் பழக்கம் வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும் வர வேண்டும்.

நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 6 ஏர்பேக், வழுக்கும்போது காரை நிலைப்படுத்தும் இ.எஸ்.சி., ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் அசிஸ்ட் ஆகியவை 2023 மாடலிலிருந்து எல்லா என் லைனிலும் உண்டு. அதாவது பாதுகாப்புக்காக என்8-க்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. சாரல் விழும் ஊர்க்காரர்களுக்கு இது முக்கியமான செய்தி.

சீசன் கூட்டத்தில் என்ன ஆகும்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதிலும் சனி, ஞாயிறுகளில், மெயின் அருவிக்கும் ஐந்தருவிக்கும் போகும் ரோடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பத்தடி நகர்ந்து, ஐந்து நிமிடம் நிற்கும் வரிசை. மேனுவலில் இடது கால் வலிக்கும். 'அப்படியானால் டி.சி.டி.தான் தீர்வு' என்று தோன்றும்.

பாதி சரி. இந்த டி.சி.டி.யில் இருப்பது டிரை கிளட்ச், எண்ணெயில் மூழ்கியிருக்காது. ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் உரசிச் சூடாகும். அதிகமானால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். இதைத் தவிர்ப்பது எளிது. முன் வண்டியை ஒட்டி ஒட்டி நகராமல், கொஞ்சம் இடம் கிடைத்த பிறகு ஒரே தடவையில் நகருங்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே காரை நிறுத்தி வைக்காதீர்கள்; பிரேக்கைப் பயன்படுத்துங்கள். மேனுவல்காரர்களுக்கும் இதே பாடம்தான். அரை கிளட்ச்சில் நிற்காதீர்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சீசன் கூட்டம் வருடத்தில் சில வாரங்கள். உள்ளூர்க்காரர்கள் அந்தச் சனி, ஞாயிறுகளில் அருவிப் பக்கம் காரை எடுப்பதே அபூர்வம். அதற்காக மட்டும் லட்சத்துக்கு மேல் கொடுப்பது வீண். குற்றாலம் ரோட்டிலேயே வீடு, கடை என்றிருந்தால் கதை வேறு.

என்8 எதற்கு?

என்6-ல் 8 அங்குலத் திரை, என்8-ல் 10.25 அங்குலத் திரை, 7 போஸ் ஸ்பீக்கர், போன் மூலம் காரைக் கண்காணிக்கும் புளூலிங்க். எல்லாம் நல்ல வசதிகள்தான். ஆனால் இன்ஜின், பிரேக், ஏர்பேக் எதுவும் மாறவில்லை. பட்ஜெட் இடித்தால் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது இதைத்தான்.

போட்டிக்கு ஒரு கார்

2024 ஜூனில் டாடா அல்ட்ராஸ் ரேஸர் வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 120 பி.எஸ்., 170 என்.எம்., 6 ஸ்பீடு மேனுவல் மட்டும். அறிமுக விலை ஆர்1-க்கு 9.49 லட்சம், ஆர்3-க்கு 10.99 லட்சம். கோவை கோஸ்ட் ரேஸ் டிராக்கில் நரேன் கார்த்திகேயன் ஓட்டியபோது என் லைனைவிட ஒரு சுற்றில் 2 வினாடிக்கு மேல் முந்தியது. ஆனால் டிராக்கில் 2 வினாடி, புளியரையில் ஒன்றுமில்லை. அங்கே லாரி விட்டால்தான் வழி! ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்பவர்கள் மட்டும் இதையும் ஓட்டிப் பார்க்கலாம். அல்லது செகண்ட் ஹேண்டில் தேடலாம்.

செகண்ட் ஹேண்டில் என் லைன் தேடினால் ஒரு எச்சரிக்கை. 2023 புதுப்பிப்புக்கு முந்தைய கார்களில் வழக்கமான மேனுவல் கிடையாது. கிளட்ச் பெடல் இல்லாமல் கியரை மட்டும் கையால் மாற்றும் ஐ.எம்.டி. இருக்கும். ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆக, யாருக்கு எது?

* என்6 மேனுவல்: மலை ரோடு பிடிக்கும், ஓட்டுவது பெரும்பாலும் ஒருவர்தான், கடன் தொகை குறைய வேண்டும் என்பவர்களுக்கு. தென்காசிப் பக்கம் பெரும்பாலானோருக்கு இதுவே என் பரிந்துரை.
* என்6 டி.சி.டி.: வீட்டில் இரண்டு, மூன்று பேர் ஓட்டுவார்கள், யாருக்காவது மூட்டு வலி, தினமும் நெரிசலில் ஓட்ட வேண்டும் என்றால். அதே விலையில் வரும் என்8 மேனுவலைவிட இதுதான் தினமும் பயன்படும்.
* என்8 டி.சி.டி.: பட்ஜெட் இடிக்காதவர்களுக்கு மட்டும்.
* சாதாரண ஐ20: மலைப்பக்கம் அதிகம் போகாத குடும்பங்களுக்கு.

டெஸ்ட் டிரைவில் செய்ய வேண்டியவை

டவுனுக்குள் ஒரு ரவுண்டு சுற்றிவிட்டு இறங்காதீர்கள். முடிந்தால் ஏற்றமுள்ள ரோட்டுக்குக் கேளுங்கள். தனியாகப் போகாமல், வீட்டில் இருப்பவர்களைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டுங்கள். மூன்று சிலிண்டர் அதிர்வையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் அவர்கள்தான் முதலில் சொல்வார்கள். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டரில் டி.சி.டி. வேலை பார்ப்பார்களா, கிளட்ச் மாற்ற என்ன செலவு, வாரன்டியில் வருமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டயர். இந்தக் காருக்கு 195/55 ஆர்16 அளவு. சட்டப்படி டயர் பட்டை 1.6 மில்லிமீட்டர் வரை தேயலாம். ஆனால் மழை ரோட்டில் அதுவரை காத்திருப்பது ஆபத்து. என்8-க்குப் போகாமல் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதியை நல்ல டயருக்கென்று எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மே மாதமும், சாரல் தொடங்கும் முன், நான்கு டயரையும் பிரேக்கையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.