மன்னாரும் மன்னரும்

எழுத்தின் மேல் இடப்படும் ஒரு சிறு கோடு எத்துணைப் பெரிய பணியைச் செய்கின்றது என்பதை அறிய வேண்டின், மன்னார்த் தீவின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தல் போதும். 'மன்னார்' என்று எண்ணி எழுதினாலும், 'மன்னர்' என்று எண்ணி எழுதினாலும் அங்கே தோன்றுவது ஒரே சொல்தான். ஊரும் அரசரும் ஒன்றாகிவிடுகின்றனர்! குமரனும் குமாரனும், மனமும் மணமும், அறமும் அரமும் இவ்வாறே வேறுபாடு இழந்து நிற்கின்றன.

உரோம எழுத்துக்கள் இருபத்தாறே. அவை போதாமையை ஐரோப்பியரே உணர்ந்து, எழுத்தின் மேலும் கீழும் குறிகளை இட்டுக்கொண்டனர். 1560 ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றி, 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்த போர்த்துக்கேயர், மூக்கொலியைக் காட்டத் தம் முதலெழுத்தின் மேல் ஓர் அலைக்கோடு இடுவர். தமிழறிஞர்களும் இவ்வழியையே மேற்கொண்டனர். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில், நெடிலுக்கு மேற்கோடும், ன, ற, ழ ஆகியவற்றிற்குக் கீழ்க்கோடும், ண, ள ஆகியவற்றிற்குக் கீழ்ப்புள்ளியும் இடப்பட்டன. இம்முறையில் எழுதினால் மன்னார் மன்னார்தான், மன்னர் மன்னர்தான்.

இக்குறிகள் கணினியில் இடம்பெற்ற வரலாறு சுவையானது. கணினி அறிவது எண்களை மட்டுமே. எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். 1963 இல் அமெரிக்கர் வகுத்த பட்டியலில் இருந்தவை 128 இடங்களே. பின்னர் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக அது 256 இடங்களாக விரிந்தபோது, போர்த்துக்கேயரின் அலைக்கோட்டெழுத்து 227 ஆம் இடத்தைப் பெற்றது. நம் நெடிற்கோட்டிற்கோ அங்கே இடமில்லை! 1991 இல் ஒருங்குறி முதன்முதலாக வெளிவந்த பின்னரே அவ்வெழுத்துக்கு 257 என்னும் எண் உரியதாயிற்று. னகரத்தைக் காட்டும் கீழ்க்கோட்டெழுத்தின் எண் 7753.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தக் கீழ்க்கோட்டெழுத்தை ஒரே எண்ணாகவும் எழுதலாம். 110 என்னும் வெற்றெழுத்தையும் 817 என்னும் கோட்டையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. இரண்டையும் ஒன்றாக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில், ஒருவகையில் எழுதிய பெயரை மறுவகையில் தேடினால் கிட்டாது.

தட்டெழுதும் முறை கடினமன்று. பழைய தட்டச்சுப்பொறிகள் சிலவற்றில் குறிக்குரிய சாவியை அழுத்தினால் தாள் நகராது நிற்கும். அடுத்து எழுத்தை அழுத்த, இரண்டும் ஓரிடத்தில் பதியும். இன்றைய விசைப்பலகைகள் சிலவும் அம்முறையையே பின்பற்றுகின்றன. கைத்தொலைபேசிகள் பலவற்றில் ஓர் உயிரெழுத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் அதன் கோட்டு வடிவங்கள் வரிசையாகத் தோன்றும்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். கடவுச்சீட்டில் இயந்திரம் படிக்கும் வரிகள், பெயர்களுக்கு இருபத்தாறு எழுத்துக்களை மட்டுமே ஏற்கும். அங்கே கோடுகள் உதிர்ந்துவிடும். போரினால் இடம்பெயர்ந்து அயல்நாடுகளில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர் தமிழெழுத்தை அறியாதவர். பேசாலை, தாழ்வுபாடு முதலிய ஊர்ப்பெயர்கள் அவர்களை எட்டுவது உரோம எழுத்தின் வாயிலாகவே. பேசாலையின் நெடில்களும் தாழ்வுபாட்டின் ழகரமும் அங்கே மறைந்தால், பாட்டனார் பிறந்த ஊரைப் பேரன் சரியாக உச்சரிப்பது எங்ஙனம்?

ஆதலின், குடும்ப வரலாறோ ஊர் வரலாறோ எழுதும் மாணவ மாணவியர் பெயர்களை முதற்கண் தமிழில் எழுதுக. அதன் அருகே, கோடும் புள்ளியும் பிழையாது உரோம எழுத்திலும் எழுதுக. ஊரின் பெயர் அதன் ஒலியோடு வாழ்தல் வேண்டும் அன்றோ!