படிக்கட்டு தேர்ந்தெடுத்த நண்பர்கள்

ஆங்கிலத்தில் 'புரொபிங்குவிட்டி' என்றொரு அரிய சொல் உண்டு. இலத்தீன் வழி வந்தது. இட நெருக்கம், இரத்த உறவு இரண்டையும் குறிக்கும். அன்றாடப் பேச்சில் 'பிராக்ஸிமிட்டி' அதை ஓரங்கட்டிவிட்டது. இன்று அந்தச் சொல்லை விடாமல் வைத்திருப்பவர்களில் முக்கியமானவர்கள் சமூகவியல், உளவியல் ஆய்வாளர்கள். அருகில் இருப்பது உறவை வளர்க்குமா என்பது அவர்கள் கேள்வி.

1932-இல் ஜேம்ஸ் போஸார்ட் என்ற சமூகவியலாளர், பிலடெல்பியாவில் வழங்கப்பட்ட 5,000 திருமண உரிமங்களை எடுத்து மணமக்களின் முகவரிகளை ஒப்பிட்டார். ஏறத்தாழ மூன்றில் ஒரு ஜோடி, ஐந்து தெருக்களுக்குள்ளேயே குடியிருந்தவர்கள்! ஆனால் இதை வைத்து அருகாமைதான் காதலை வளர்த்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரே வருமானமும் பின்னணியும் உள்ளவர்கள் ஒரே பேட்டையில் குடியேறுவது இயல்புதானே?

இந்தச் சந்தேகத்துக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பு ஒன்று வழிகாட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் படிக்க வந்த, மணமான மாணவர்களுக்கான வீடுகள் அவை. எந்த வீடு காலியானதோ அதுதான் கிடைக்கும். அண்டைவீட்டாரைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அங்கே போய், யாருடன் அதிகம் பழகுகிறீர்கள் என்று கேட்டார்கள். 1950-இல் நூலாக வந்த முடிவு இது: ஒரே தளத்தில் அடுத்த வீட்டுக்காரர் நண்பராக இருந்த வாய்ப்பு 41 சதவீதம். ஒரு வீடு தள்ளினால் 22. தளத்தின் மறுகோடிக்குப் போனால் வெறும் 10. இத்தனைக்கும் அந்த மறுகோடி 88 அடி தூரம்தான்.

அடிக்கணக்கைவிட எனக்கு வியப்பூட்டுவது படிக்கட்டு. மாடிப்படியின் அடியில் இருந்த கீழ்வீட்டாருக்கு, மற்றக் கீழ்வீட்டாரைவிட மாடியில் நண்பர்கள் அதிகம். மாடிக்குப் போகிறவர்கள் அந்த வாசலைக் கடந்துதானே ஏற வேண்டும்? அளவுகோல் காட்டும் தூரத்தை விட்டு, எதிர்ப்படும் வாய்ப்பைக் கணக்கிடும் இந்தத் தூரத்தைப் புழக்கத் தூரம் எனலாம். கட்டடம் வரைகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, யாருக்கு யார் நண்பர் என்பதையும் கொஞ்சம் வரைந்துவிடுகிறார்.

1976-இல் உளவியலாளர் எபே எபெசனின் குழு, கலிபோர்னியக் குடியிருப்பு ஒன்றில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டது: உங்களுக்குப் பிடிக்காதவர் யார்? அவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள், நண்பர்களைவிடவும் பக்கத்தில். நட்புக்கு அடிக்கடி முகம்பார்த்துப் பழக வேண்டியிருந்தது. வெறுப்புக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. சுவரைத் தாண்டி வரும் இரைச்சல் போன்ற தொல்லைகளே போதுமானதாக இருந்தன.