கணையப் புற்றுநோய்: ஸ்கேன் படங்களில் தேடும் தடயங்கள்

மறைவிடத்தில் வளரும் கட்டி

ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காக அமைந்திருப்பதால், அதில் தோன்றும் சிறு கட்டி மருத்துவரின் கைக்குத் தட்டுப்படுவதில்லை. கணையத்தின் தலைப்பகுதியில் வளரும் கட்டி பித்தநாளத்தை அடைக்கும்போது மஞ்சள்காமாலையாவது தோன்றி எச்சரிக்கும். உடல், வால் பகுதிகளில் வளர்வதற்கு அந்த அறிகுறியும் பெரும்பாலும் இல்லாததால், பரவிய பின்னரே அது தெரியவருகிறது. நோய் கண்டறியப்படும்போது அறுவை சிகிச்சைக்கு ஏற்ற நிலையில் இருப்போர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே.

வயிற்று ஸ்கேனின் எல்லை

முதலில் எடுக்கப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பித்தப்பைக் கல்லையும் பித்தநாள வீக்கத்தையும் நன்கு காட்டும். ஆனால் இரைப்பையிலும் குடலிலும் உள்ள வாயு ஒலியலைகளைத் தடுத்துவிடுவதால், கணையத்தின் வால் பலருக்குத் தென்படுவதே இல்லை. கணையம் முழுமையாகத் தெரியவில்லை என்று அறிக்கை கூறுவதை, கணையத்தில் கோளாறில்லை என்று பொருள்கொள்வது ஆபத்தானது.

நொடிக்கணக்கு பார்க்கும் சி.டி.

இந்நோயில் எந்த ஸ்கேன் என்பதைப் போலவே எந்த நொடியில் என்பதும் முக்கியம். அயோடின் அடங்கிய மருந்தைச் சிரையில் செலுத்தி, ஏறத்தாழ 40-45 நொடிகளில் ஒருமுறையும் 70 நொடிகளையொட்டி மறுமுறையும் படமெடுப்பதே கணையத்திற்கென வகுக்கப்பட்ட முறை. முதற்படத்தில் நலமான திசு மருந்தை ஏற்று ஒளிர, நார்த்திசு மிகுந்து ரத்தவோட்டம் குன்றிய கட்டி கருமையாகத் தனித்துத் தெரிகிறது; இரண்டாவது படம் சிரைகளின் நிலையையும் கல்லீரலில் பரவல் உள்ளதா என்பதையும் காட்டுகிறது. சில கட்டிகள் சுற்றியுள்ள திசுவின் நிறத்திலேயே கலந்துவிடும். அப்போது கணையநாளம் விரிந்து வந்து திடீரென முடிவதே தடயமாகிறது. குடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மேல் குடல்தமனியின் சுற்றளவில் பாதிக்குமேல் கட்டி தழுவியிருந்தால், உடனடி அறுவை சிகிச்சை பொதுவாகத் தவிர்க்கப்படும். காமாலையைத் தணிக்கப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்னும் குழாயைப் பொருத்தினால், அதைத் தொடரும் அழற்சி படத்தைக் குழப்பக்கூடும். ஆகவே இயன்றவரை சி.டி. முந்த வேண்டும்.

ஐயம் நீடித்தால்

நாளங்களைத் துலக்கமாகக் காட்ட எம்.ஆர்.ஐ. உதவுகிறது. எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில், ஒலிக்கருவி இரைப்பைக்குள்ளேயே சென்று கணையத்தை நெருங்குவதால் வாயுத் தடை விலகி, சி.டி.யில் சிக்காத சிறு கட்டியும் தெரியலாம். அவ்வழியே ஊசியால் திசுவும் எடுக்கலாம்.

யாருக்குத் தேவை?

அறிகுறியற்ற அனைவருக்கும் இச்சோதனைகள் பரிந்துரைக்கப்படுவதில்லை. நெருங்கிய உறவினர் பலருக்கு இந்நோய் வந்திருந்தாலோ, அதற்குரிய மரபணு மாற்றம் இருந்தாலோ, ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. அல்லது எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் செய்யப்படுகிறது. ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வந்து, காரணமின்றி எடையும் குறைந்தால், மாத்திரை எழுதுவதோடு நில்லாமல் கணையத்தையும் ஆராய்வது தகும்.